செயலாளரின் ஆண்டறிக்கை: வீட்டுத் தண்ணீர்க் காப்புப் பணி

தலைவர் அவர்களே, ஆட்சிக்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்து டோங்காட் வட்டாரத்தில் நம் சங்கம் இந்த ஆண்டு ஆற்றிய பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் தடையின்றி நடந்தன. தைப்பூசக் காவடி நாளன்று அன்னதானப் பொறுப்பை இளைஞர்களே ஏற்றுச் சிறப்பாக முடித்தார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். சென்ற பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஒருமனதாக நிறைவேற்றிய தண்ணீர்த் தீர்மானத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தீர்மானம் எதனால் வந்தது என்பது இங்குள்ள எவருக்கும் தெரியும். 2015 வறட்சியில் ஹேசல்மியர் அணையின் நீர்மட்டம் தாழ்ந்து, வடக்குக் கடற்கரை ஊர்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். 2022 ஏப்ரலில் நேர்மாறாக, பெருவெள்ளம் வந்து டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையே சிதைத்தது. அதன்பின் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றோம். ஊரெல்லாம் வெள்ளம், குழாயில் ஒரு சொட்டு இல்லை. போதிய தண்ணீர் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று இந்நாட்டு அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உரிமையைக் கேட்டு நகராட்சிக்கு எழுதுவதை நாம் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. ஆனால் தட்டுப்பாடு வந்தால் மட்டும் சிக்கனம், மழை பெய்தால் மறதி என்று இனியும் இருக்க முடியாது என்றுதான் பன்னிரண்டு மாதத்துக்கும் வேலைத்திட்டம் வகுத்தோம்.

நாடு முழுவதும் நகராட்சிகள் வழங்கும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி, கசிவாலும் கணக்கில் வராமலும் வருவாய் தராமல் போகிறது என்று 2023இல் வெளியான அரசு அறிக்கை கூறியது. தெருக்குழாய் உடைந்தால் நாம் புகார்தான் கொடுக்க முடியும். வீட்டு மீட்டருக்கு இந்தப் பக்கம் ஒழுகுவது நம் பொறுப்பு. எனவே முதல் வேலையாக வீடுவீடாகச் சென்று கசிவு பார்த்தோம்.

முறை மிக எளிது. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள சிறு சக்கரம் அப்போதும் சுழன்றால் எங்கோ தண்ணீர் போகிறது. கழிப்பறைத் தொட்டியைச் சோதிக்க அடுக்களைக் கேசரிப் பவுடரே போதும். ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டிக்குள் போட்டு, கால்மணி நேரம் யாரும் தண்ணீர் இழுத்துவிடாமல் இருந்து, பிறகு கீழே கிண்ணத்தைப் பாருங்கள். நிறம் இறங்கியிருந்தால் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். சத்தமே இல்லாமல் இரவும் பகலும் ஓடும் கசிவு இது. குழாயில் வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே ஆண்டுக்கு 10,000 லிட்டருக்கு மேல் ஆகிறது. தொட்டிக் கசிவு அதைவிடப் பல மடங்கு.

ஒரு வீட்டில் கேசரிச் சோதனையில் குறையே தெரியவில்லை, குழாய்களும் ஒழுகவில்லை. மீட்டர் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. நம் இளைஞர்கள் கொல்லைப்புறம் சுற்றிவந்தபோது, இங்கே மழையில்லாக் குளிர்காலமான ஜூலை மாதத்து வறட்சியில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்க, ஒரு கறிவேப்பிலை மரம் மட்டும் மழைக்காலம்போல் தளதளவென்று தழைத்து நின்றது. அதனடியில் தோண்டினால் இரும்புக் குழாய் துருப்பிடித்து, ஊசிக்கண் அளவு ஓட்டையில் நீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி பல மாதங்களாகக் கூடுதல் கட்டணம் கட்டிவந்திருக்கிறார்.

இதிலிருந்து நான் உறுதியாகச் சொல்வேன்: பெரிய சேமிப்புத் தொட்டி வாங்குவதற்கு முன் ரப்பரையும் வாஷரையும் மாற்றுங்கள். 2022க்குப் பிறகு பலர் கடன்பட்டு 2,500 லிட்டர், 5,000 லிட்டர் ஜோஜோ என்னும் பிளாஸ்டிக் தொட்டி வைத்துவிட்டோம். நல்லதுதான். ஆனால் தொட்டி இருக்கிறதே என்ற நிம்மதியில் கசிவைக் கவனியாமல் விட்ட வீடுகளையும் கண்டோம்.

தொட்டி வைத்தவர்கள் அதைக் காக்கவும் வேண்டும். நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கரும்பு வெட்டும் காலத்தில் தோட்டங்களைக் கொளுத்தும்போது பறந்துவரும் கரிச்சாம்பல், காயப்போட்ட துணியில் மட்டும் விழுவதில்லை, கூரையிலும் படிகிறது. குளிர்காலம் முழுவதும் சேர்ந்த அந்தக் கரியைப் பருவத்தின் முதல் மழை கழுவிக் கொண்டுவந்து தொட்டிக்குள் சேர்க்கும். ஆகையால் ஆகஸ்டு முடிவதற்குள் கூரையைப் பெருக்கி, மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்து, முதல் மழைநீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே தள்ளுங்கள். பிறகு பிடித்தால் போதும். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 2,000 லிட்டர். சிதறுவது போகவும் நிறையவே மிஞ்சும். தொட்டி வாயைக் கொசுவலையால் கட்டுங்கள். இந்த நீர் துணிக்கும் செடிக்கும் கழிப்பறைக்கும் ஆகும். வேறு வழியின்றிக் குடிக்க நேர்ந்தால் கொதிக்க வையுங்கள். விறகோ மின்சாரமோ இல்லையென்றால், துணியில் வடிகட்டிய 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச் கலந்து இரண்டு மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு இந்த மாகாணத்தில் தொடங்கிய காலராவில் நோயுற்றோர் ஒரு லட்சத்துக்கும் மேல். அதை மறக்க வேண்டாம்.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூசை சரியாக நம் வறண்ட பருவத்தில் வருகிறது. இவ்வாண்டு அண்டா கழுவக் குழாயைத் திறந்துவிடாமல், இரண்டு தொட்டிகளில் நீர் நிறைத்து ஒன்றில் தேய்த்து மற்றதில் அலசினார்கள் நம் மகளிர் அணியினர். அரிசி களைந்த கழுநீர் அத்தனையும் மரங்களுக்குப் போயிற்று. யாரும் சொல்லித்தரவில்லை, அது அவர்களுக்குக் கைவந்த பழக்கம். குளித்த நீரையும் அப்படியே செடிக்கு ஊற்றலாம், ஆனால் ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள்; பச்சையாகத் தின்னும் கீரைக்கும் ஊற்றாதீர்கள்.

ஒன்றில் மட்டும் நாம் இன்னும் தேறவில்லை. தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயைப் பலர் அடுக்களைக் கழுவுதொட்டியிலோ தெருவோர மழைநீர் வடிகாலிலோ கொட்டிவிடுகிறார்கள். வீட்டுக் கழிவுக்குழாயில் அது உறைந்து அடைக்கிறது. மழைநீர் வடிகாலிலோ எந்தச் சுத்திகரிப்பும் இல்லை. கொட்டியது நேராக டோங்காட் ஆற்றுக்கும், அங்கிருந்து கடலுக்கும் போகிறது. ஆற்றங்கரையில் பூசை செய்யும் நாமே இதைச் செய்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஆறிய எண்ணெயைப் புட்டியில் அடைத்து மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள்; சேர்த்து எடுத்துச்செல்ல ஆட்சிக்குழு ஏற்பாடு செய்யும்.

நேரம் பாராமல் வீடுவீடாக வந்து உதவிய பிளம்பர் அண்ணன்மார்களுக்கும், மீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டு தாத்தாக்களுக்குப் படித்துச் சொன்ன தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை அவையின் முன் வைக்கிறேன். முதலாவது, கழிப்பறைத் தொட்டி ரப்பர்களையும் வாஷர்களையும் சங்கம் மொத்தமாக வாங்கி, ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் வீடுகளுக்கு இலவசமாக மாட்டித் தருவது. இரண்டாவது, மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பார்த்து எழுதிவைப்பது. முன்மொழிய, வழிமொழிய உறுப்பினர்களை அழைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்