ஹோட்டன் சமவெளியில் எங்கள் பிள்ளைகளை நடக்க வைத்தவர்களுக்கு நன்றி

இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் நடக்கும் சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். பெரியவர்கள் மூன்று மணித்தியாலத்தில் முடிப்பார்கள். ஐந்து, ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு ஐந்து மணித்தியாலம் வேண்டும். அந்த ஐந்து மணித்தியாலமும் நல்லபடியாகப் போனது உங்களால்தான்.

வேன் ஓட்டி வந்த அண்ணனுக்கு முதல் நன்றி. நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக 32 கிலோமீற்றர்தான், ஆனால் அந்த வளைவுகள் பிள்ளைகளின் வயிற்றைப் பிரட்டிவிடும். "பால் தேத்தண்ணி குடுக்காதீங்க, வெறும் வயித்தோடயும் ஏத்தாதீங்க, ரெண்டு பிஸ்கட் போதும்" என்று முதல் நாளே சொல்லி அனுப்பினீர்கள். ஒரு பிள்ளைகூட வாந்தி எடுக்கவில்லை. விடிய 4.30க்கு வேனை எடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றதும் நீங்கள்தான். 9, 10 மணிக்கெல்லாம் கீழே பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி, உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பை மூடிவிடும். பிள்ளை நடையில் அங்கே போய்ச் சேர இரண்டரை மணித்தியாலம் ஆகும். ஏழரைக்கு நடக்கத் தொடங்குகிறவர்கள் பார்ப்பது வெள்ளைப் பனியை மட்டும்தான்.

பாதை தொடங்கும் இடத்தில் பைகளைப் பார்க்கும் வனசீவராசிகள் உத்தியோகத்தர்களே, உங்களுடைய பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது! பிஸ்கட் உறையைக் கழற்றிக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தீர்கள். தண்ணீர்ப் போத்தல்களின் லேபலையும் உரித்தெடுத்தீர்கள். மரை மான் அந்தப் பிளாஸ்டிக்கைத் தின்றால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கே விளங்கப்படுத்தியதால், வழியில் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. இனிப் போகிறவர்கள் சாப்பாட்டை வீட்டிலேயே டப்பாவில் மாற்றி வைத்தால் அங்கே வரிசையில் காத்து நிற்கவேண்டாம்.

தேங்காய் ரொட்டி சுட்டுத் தந்த கடை அக்காவின் கை மணம் இன்னும் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது. தலைக்கு இரண்டு ரொட்டி, வாழையிலையில் மடித்து, மேலே துணி. சம்பலில் மிளகாயைக் குறைத்துத் தனி டப்பாவில் போட்டிருந்தீர்கள். எள்ளுருண்டைதான் பெரிய உதவி. பசிக்கிறது என்று பிள்ளை சொல்லும்போது கால் ஏற்கெனவே சோர்ந்திருக்கும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை, கேட்காமலே, பாதி உருண்டை கொடுத்தோம்.

கம்பளித் தொப்பியும் மாற்றுப் பெனியனும் இரவல் தந்த அம்மாமாருக்கு: 2,100 மீற்றர் உயரத்தில் பிள்ளைகளை நடுங்க வைப்பது குளிரைவிட வியர்வைதான். ஏற்றத்தில் நனைந்த பெனியனோடு உலக முடிவின் காற்றில் நின்றால் ஐந்து நிமிசத்தில் உதடு நீலமாகும். விளிம்புக்குப் போகுமுன் பெனியனை மாற்றுங்கள் என்று நீங்கள் சொன்னது அத்தனை சரி.

வழிகாட்டித் தம்பி, உங்களிடம் கற்றதைத் தனியாகச் சொல்லவேண்டும். உலக முடிவில் செங்குத்துப் பள்ளம் 800 மீற்றருக்கும் மேல். அங்கே பிள்ளையின் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னீர்கள். ஈரக் கையுறையிலிருந்து விரல் உருவிக்கொண்டு போய்விடும். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகளில் பெரியவர் ஒரு படி கீழேதான் நிற்கவேண்டும் என்றீர்கள். அடி தேய்ந்த பள்ளிச் சப்பாத்து அந்த ஈரப் படியில் நிற்காது, வழுக்கினால் பிள்ளை நம் மேல்தான் விழும்.

பிறகு அந்தக் கொம்பு ஓணான்! பாசி படிந்த மரத்தில், பிள்ளையின் கண்மட்டத்தில், மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்போடு அசையாமல் இருந்தது. இலங்கையின் மலைநாட்டில் மட்டும் வாழும் இனம். தொடவேண்டாம், இரண்டடி தள்ளி உட்காருங்கள் என்றீர்கள். பன்னிரண்டு பிள்ளைகள் பத்து நிமிசம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சப் பாதையில் ஒருவரும் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கவில்லை, மரம் மரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

கடை அக்கா, உங்கள் துணிகளைத் துவைத்து வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தொப்பிகளோடு கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
பிள்ளைகளின் பெற்றோர்