நடத்தை விதிகளைத் திருத்தப் போகிறவனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிறது. வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் படிக்கவோ எழுதவோ கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியும் உன் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படித்து மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆக, மாணவர் நடத்தை விதிகளைத் திருத்தும் குழுவுக்கு உன்னைத் தலைவராக்கியிருக்கிறார்கள். வருகைப்பதிவு எடுக்கும்போது மூன்று பேருக்குக் குரல் மாற்றி 'உள்ளேன் ஐயா' சொன்னவனுக்கு இந்தப் பதவி! இருக்கட்டும், திருடனுக்குத்தானே வீட்டின் வாசல்கள் எல்லாம் தெரியும்.

விதிகளை இன்னும் கடுமையாக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கூட்டுவதற்கு முன் ஒன்றைக் கழித்துவிடு. எல்லா விதிப் புத்தகங்களிலும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் வேறு எந்தச் செயலும்'. உன்னுடையதிலும் இருக்கிறதா என்று பார். நான் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இருந்த காலமெல்லாம் அந்த வரியின் வேலையைக் கவனித்திருக்கிறேன். திருட்டுக்கோ அடிதடிக்கோ குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததற்கோ அது ஒருமுறையும் தேவைப்பட்டதில்லை. அவற்றுக்கெல்லாம் தனித்தனி விதி உண்டு. விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பெண் பத்திரிகைக்கு எழுதியபோதுதான் எல்லோரும் அந்தப் பக்கத்தைப் புரட்டினார்கள். என்னென்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாவிட்டால், செய்தபிறகு தண்டிக்கவும் உரிமையில்லை.

அடுத்தது விசாரணை. உன் குழுவினர் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். நீ பத்துப் பக்கம் ஒதுக்கு. ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். நீள மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஏழு பேர், எதிரே ஒற்றை நாற்காலி. விடுதி அறைக் கதவை இரவில் உடைத்ததாக ஒரு பையன் மேல் புகார். புகார் எழுதிய விடுதிக் காப்பாளரே எங்கள் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். 'நாளை காலை பத்து மணிக்கு ஆஜராகவும்' என்ற ஒரு வரியைத் தவிர அந்தப் பையனுக்கு எதுவும் தரப்படவில்லை. "எந்த ராத்திரி, ஐயா?" என்று கேட்டான். "அது உனக்கே தெரியும்" என்றார் காப்பாளர். மன்னிப்புக் கடிதம் முன்பே தட்டச்சாகி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மேசைமேல் காத்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். நான் மறுப்புக் குறிப்பு எழுதினேன். அது கோப்பில் எங்கேயோ பத்திரமாக இருக்கும். கதவை உடைத்தது யார் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

1960 பிப்ரவரியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த கறுப்பின மாணவர்கள், மாண்ட்கோமரி நீதிமன்றக் கட்டடத்தில் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய உணவகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஒன்பது பேரை விசாரணையே இல்லாமல் கல்லூரியை விட்டு நீக்கினார்கள். வழக்கு நடந்தபோதுதான் வேடிக்கை: எதற்காக நீக்கினோம் என்பதற்குக் கல்வி வாரிய உறுப்பினர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்குவதற்கு முன் குற்றச்சாட்டைத் தெரிவிக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உன் பதிவாளர் 'நாங்கள் பெற்றோர் இடத்தில் இருக்கிறோம்' என்று ஆரம்பித்தால் இதைச் சொல். பெற்றோர் அடித்தாலும் ராத்திரி சாப்பிடக் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகம் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும்.

கடுமை, கடுமை என்பவர்களுக்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகக் கதையும் உதவும். அந்தப் பல்கலைக்கழகம் 1778 முதல் 1914 வரை மாணவர்களுக்கென்றே ஒரு சிறை நடத்தியது. இரவில் கூச்சல் போட்டவர்களும் குடித்துவிட்டு வம்பு செய்தவர்களும் உள்ளே போனார்கள். வகுப்புக்கு மட்டும் வெளியே வரலாம். சுவரெல்லாம் தங்கள் பெயரையும் முகத்தையும் தீட்டிவைத்தார்கள். ஒருமுறையாவது உள்ளே இருந்தால்தான் மதிப்பு என்றாகிவிட்டது!

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வேறு விதமான பாடம். 1840-இல் அங்கே முகமூடி போட்ட மாணவன் ஒருவன் பேராசிரியரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் 1842-இல், தேர்வில் யார் உதவியும் பெறவில்லை என்று மாணவர்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி வந்தது. நாளடைவில் மாணவர்களே விசாரிக்கும் முறையாக அது வளர்ந்தது; பொய்யோ காப்பியோ திருட்டோ, நிரூபணமானால் நீக்கம் ஒன்றுதான் தண்டனை. 2022-இல் மாணவர்களே வாக்களித்து அதைத் தளர்த்தினார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஒரு பத்தியைத் திருடியதற்கு ஒருவன் படிப்பே போய்விடும் என்றால், பார்த்த ஆசிரியர் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். கணினியைக் கொண்டு கட்டுரை எழுதுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். எந்த அளவு உதவி ஏற்கப்படும் என்று ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியர் முதல் வாரமே எழுதித் தரட்டும். இப்போதைக்கு அது போதும்.

ராகிங் விஷயத்தில் மட்டும் நான் கல்நெஞ்சன். 'சும்மா அறிமுகம்தான், ஐயா' என்பதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. புகார் கொடுத்த பையன் நான்காம் நாள் வந்து திரும்பப் பெற்றுக்கொள்வான். பக்கத்து அறையிலேயே படுக்க வேண்டியவன் வேறென்ன செய்வான்? புகாரைத் திரும்பப் பெற்றாலும் விசாரணை நிற்காது என்று எழுது. அறையை மாற்ற வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவன், புகார் கொடுத்தவன் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள். பல இடங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

உன் குழுவில் மாணவர் ஒருவர்கூட இல்லை என்பதைப் போகிறபோக்கில் எழுதியிருந்தாய். முதல் கூட்டத்திலேயே இரண்டு பேரைச் சேர்க்கச் சொல். 'ரகசியம் வெளியே போய்விடும்' என்று பதிவாளர் மறுத்தால், அந்த மறுப்பை அவர் பெயரோடு கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல். எழுத்தில் வரும் என்று தெரிந்தால் பாதி மறுப்புகள் அங்கேயே கரைந்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்