ஏட்டி கலா, நாக் வந்து போய்விட்டது

அன்புள்ள கலாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன் பிள்ள. உன் வாட்ஸாப் செய்திக்கெல்லாம் வெறும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டிருந்தது கோபத்தினால் இல்லை, நாக்கினால். அதுதான், கல்லூரிகளின் தரத்தைப் பார்த்து கிரேடு போடுகிற அமைப்பு. அவர்கள் அனுப்புகிற பியர் டீம், அதாவது ஆய்வுக்குழு, ஒருவழியாக வந்து, போண்டா சாப்பிட்டு, கோப்பு புரட்டி, சால்வை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டது. மதினி வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்ததா? அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இங்கே எல்லாரும் சுகம். அம்மாதான், "நீ வாத்திச்சியா, கணக்கப்பிள்ளையா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். பாதி ராத்திரி வரை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தால் வேறென்ன கேட்பாள்?

விஷயத்துக்கு வருகிறேன். பிரின்சிபால் கூப்பிட்டு, ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளராக என்னைப் போடப் போவதாகச் சொல்லிவிட்டார். அதாவது கல்லூரியின் தரத்துக்கு இனி நான்தான் பொறுப்பு. சிரிக்காதே. சரோஜா மேடம் லேபில் நீ உடைத்த பிரிசத்தை நான் ரிக்கார்டில் எப்படி மறைத்தேன் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

நீ வெளியே இருப்பதால் உனக்குத் தெரியாது, இது எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று. 1994ல் பெங்களூரில் இந்த நாக்கைத் தொடங்கியபோது நாம் எம்.எஸ்சி.யில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தோம். அப்புறம் வெகுகாலம், வருகிறவர்கள் பார்த்து, பேசி, எழுதுவதில்தான் கனம் இருந்தது. 2017ல் முறையை மாற்றினார்கள். இப்போது மதிப்பெண்ணில் பெரும்பகுதி நாம் முன்கூட்டியே கணினியில் ஏற்றுகிற எண்களிலிருந்து வந்துவிடுகிறது. எண்ணுக்கு ஆதாரம் வேண்டும், ஆதாரத்துக்குப் படம் வேண்டும், படத்தின் ஓரத்தில் அட்சரேகை தீர்க்கரேகை தெரிய வேண்டும். ஒரு வேப்பங்கன்று நட்டால் போதாது. குழி, கன்று, வாளி, பேனர், ஜியோ டேக். போன வருஷம் ஒரு பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணி நடத்தினோம். கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் பேரணி, படம் விழுந்ததும் பிள்ளைகள் கலைந்து முறுக்கு வாங்கப் போய்விட்டார்கள். பேனரை அடித்திருந்தது பிளக்ஸில்.

கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2 என்று போட வேண்டும், இது மனப்பாடக் கேள்வியா, யோசிக்கிற கேள்வியா என்று. சரோஜா மேடம் இருந்திருந்தால் சாக்பீஸை எறிந்திருப்பார். ஆராய்ச்சிக் கட்டுரை விஷயம் இன்னும் மோசம். யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2010ல் பதவி உயர்வுக்குப் புள்ளிக்கணக்கு வைத்தது, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கிற இதழ்கள் மழைக்காளான் மாதிரி முளைத்தன, 2018ல் யு.ஜி.சி.யே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை வெட்டி எறிந்தது. அதற்குள் எத்தனை பேர் அசோசியேட் புரொபசர் ஆகிவிட்டார்களோ. 2025 பிப்ரவரியில் கிரேடுக்கு லஞ்சம் என்று நாக் ஆய்வுக்குழுக்காரர்களையே சி.பி.ஐ. கைது செய்ததை நீயும் பேப்பரில் பார்த்திருப்பாய்.

இவ்வளவு திட்டியாயிற்றா? இப்போது ராம்ப், அதாவது சாய்தளக் கதையைக் கேள். காமர்சில் ஒரு பெண், சக்கர நாற்காலியில் வருகிறவள். முதல் வருஷத்திலிருந்து மெயின் பிளாக் படியில் அவள் தோழிகள்தான் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். நாங்கள் மனு மேல் மனு எழுதினோம், நிதி இல்லை என்றார்கள். நாக் படிவத்தில் ஏழாவது தலைப்பில் ராம்ப் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. தேதி குறித்ததுதான் தாமதம், கொத்தனார் வந்துவிட்டார், கைப்பிடி வைத்து, மஞ்சள் கோடும் போட்டாயிற்று. அந்தப் பெண் என்னிடம் கேட்கிறாள்: "மேடம், அடுத்து எப்ப நாக் வருவாங்க? லைப்ரரிக்கும் ஒண்ணு போட்டுரலாம்."

நான் என்ன பதில் சொல்ல?

ஸ்டாஃப் ரூமில் நம் தியரி சுப்பையா இருக்கிறாரே (இன்னும் ரிட்டயர் ஆகவில்லை, மீசைக்கு மட்டும் மை), அவர் ஒரே வாய்ப்பாடுதான் படிக்கிறார்: பல்கலைக்கழகம் என்றால் வெளியாள் தலையிடக் கூடாது, தன்பாட்டுக்கு விட வேண்டும். அன்றைக்கு எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தன்பாட்டுக்கு விட்டிருந்தால் நானும் நீரும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்போமா ஐயா என்று கேட்டேன். சாதிவாரியாக இடம் ஒதுக்கிய வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951ல் கோர்ட் சொன்னபோது தெருவில் இறங்கியது யார்? அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததும், கல்லூரி இடங்களில் ஒதுக்கீடு நிலைத்ததும் எந்த செனட் தீர்மானத்தால்? கதவைத் திறந்தது வெளியே நின்றவர்கள்தானே. சுப்பையா வழக்கம்போல டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது கலா, சத்தமில்லாமல். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது, அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் நேராக அவள் கணக்கில். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்தார்களே, அதே திட்டத்தைத்தான் படிப்புக்கு மாற்றினார்கள். கல்யாணத்துக்குப் போன பணம் காலேஜுக்கு வருகிறது. முக்கூடல், கீழப்பாவூர் பக்கமிருந்து பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள் இந்த அளவு வந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் அந்த டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது காசு கொடுத்துப் போகிற பஸ், அதுவும் இருட்டிய பிறகு. அதனால் கடைசி ஹவரில் பாதி வகுப்பு காலி. ஆப்சென்ட் போட்டுப் பார்த்தோம், வீட்டுக்குத் தகவல் அனுப்பிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கல்லூரி நேரத்தையே முன்னால் இழுத்து, லேபைக் காலைக்கு மாற்றினோம். துணைவேந்தரும் சிண்டிகேட்டும் செய்யாத மாற்றத்தை ஒரு பிங்க் கலர் பஸ் செய்துவிட்டது. பாடம் எடுக்கிற விதமும் மாறிவிட்டது. ஆப்டிக்ஸைத் தமிழில் சொல்லிவிட்டு அப்புறம் இங்கிலீஷுக்குப் போகிறேன், நமக்கு யாரும் செய்யாததை. இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.

இன்னொரு பக்கம் பெற்றோர் நெருக்கடி. அட்மிஷன் சமயத்தில் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "கம்ப்யூட்டர் இருக்கா மேடம்?" இப்போது அதுவும் பழசு, ஏ.ஐ. இருக்கா என்கிறார்கள். சுயநிதியில் அந்தப் பெயரில் ஒரு பி.எஸ்சி. தொடங்கிவிட்டோம்; பாடம் எடுப்பது யார் தெரியுமா, நம் கணக்கு டிபார்ட்மென்ட் ஆட்கள். நம் பிசிக்ஸில் பாதி பெஞ்ச் காலி. அரசு சம்பளம் தருகிற எய்டட் போஸ்டில் ஒருவர் ரிட்டயர் ஆனால் அந்த இடம் நிரம்ப யுகமாகிறது, அதுவரை கௌரவ விரிவுரையாளர், அதுவும் கௌரவம் பெயரில் மட்டும். வெளியே இருந்து வருகிற எல்லா அழுத்தமும் பஸ் மாதிரி நல்லது செய்வதில்லை என்பதை சுப்பையாவிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன்.

சரி, இந்த ஐ.க்யூ.ஏ.சி.யை நான் என்ன செய்ய? ஏழாவது தலைப்பில் 'பெஸ்ட் பிராக்டிஸ்' என்று இரண்டு கேட்கிறார்கள். அதில் பஸ்ஸுக்காக நேரம் மாற்றியதை எழுதலாம் என்று ஆசை வருகிறது. எழுதினால் அடுத்த வருஷத்திலிருந்து பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளை நிறுத்தி ஜியோ டேக் போட்டோ எடுக்கச் சொல்வார்கள், அவர்கள் பஸ்ஸைத் தவற விடுவார்கள். இதற்கிடையே இனி ஏ, பி கிரேடே கிடையாது, அங்கீகாரம் உண்டு இல்லை என்ற இரண்டுதான் என்று 2024லேயே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் இவ்வளவு கோப்பும் எதற்கு என்று கேட்டேன். "அப்பவும் கோப்பு வேணும் மேடம்" என்றார் ஆபீஸ் அண்ணாச்சி, பீரோவைப் பூட்டிக்கொண்டே.

நீ பேங்கில் எத்தனை ஆடிட் பார்த்தவள். பொறுப்பை வாங்கினால் லைப்ரரி ராம்பையாவது நான் போட்டு முடிப்பேனா, இல்லை நானும் சுப்பையா மாதிரி டீ ஊதுகிறவளாக ஆகிவிடுவேனா, யோசித்துச் சொல். பிரின்சிபாலுக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்குள் போன் பண்ணு, கட்டைவிரல் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், இன்டர்னல் பேப்பர் திருத்த உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
உன் செல்வி

பி.கு.: அந்தப் பிரிசத்துக்கு இன்னும் நீ பணம் தரவில்லை.