வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வட்டத்தின் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுத் தீர்மானப்படி இந்த ஆண்டு முழுவதும் தற்காலக் காதல் நாவல்களையே படித்தோம். மாதம் ஒரு நூல், மாதம் ஒரு கூட்டம். ஒரு மாதம் மட்டும் போதிய வருகை இல்லாததால் கூட்டம் நடைபெறவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அந்தத் தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிப்பது என்று கேட்டிருந்தேன். முதல் கூட்டத்திலேயே மூத்த உறுப்பினர் ஒருவர் திருப்பிக் கேட்டார்: "துப்பறியும் கதையில் குற்றவாளி மாட்டிக்கொள்வான் என்று தெரிந்துதானே செயலாளரே படிக்கிறீர்கள்?" பதில் சொல்ல எனக்குச் சில மாதங்கள் ஆயின.

அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே இலக்கணம் வைத்திருக்கிறது: காதல் கதையின் நடுவில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இரண்டாவதை நான் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க, அதுதான் எழுத்தாளருக்குத் துணிச்சல் தருகிறது என்று பட்டது. குழந்தையைப் பறிகொடுத்தவள், மணமுறிவில் நொந்தவன், மனச்சோர்வோடு போராடுகிறவர் என்று எந்த இருட்டுக்குள் அழைத்துப் போனாலும் வாசகர் கூடவே போகிறார். வெளியே கூட்டிவந்துவிடுவார்கள் என்ற வாக்கு முன்பே கிடைத்துவிட்டது அல்லவா!

பமேலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் 2003இல் காதல் நாவலின் 8 அடிப்படைக் கூறுகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று, இனி இவர்கள் சேரவே முடியாது என்று தோன்றும் கட்டம். எங்கள் விவாதம் ஆண்டு முழுவதும் அங்கேயேதான் சுற்றிச்சுற்றி வந்தது. ஓர் உறுப்பினர் இதற்குப் 'போன் சோதனை' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரே ஒரு போன் போட்டுப் பேசினால் தீர்ந்துவிடும் பிரிவு என்றால் நாவல் தேறாது. படித்தவற்றில் பாதி அங்கேயே விழுந்தது. தேறியவற்றில் தடை வெளியே இல்லை. மறுபடி சந்தோஷமாக இருந்தால் இறந்துபோன கணவனுக்குத் துரோகம் என்று நினைக்கிற பெண். யாரையும் சார்ந்திருப்பது கேவலம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஆண். இவர்கள் எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்கள். பேசிய பிறகும் தடை அப்படியே இருக்கிறது. ஆழம் என்று நான் சொல்வது இதைத்தான்.

நம் தமிழாசிரியர் காமத்துப்பாலைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் 25 அதிகாரங்களில், மணத்துக்கு முந்தைய காதலைச் சொல்லும் களவியலுக்கு 7தான். மீதி 18ம் மணவாழ்வைச் சொல்லும் கற்பியல். அதிலும் பெரும்பகுதி பிரிவும் ஏக்கமும். முடிவதோ ஊடலுவகையில். காதலர் சேர்ந்ததோடு வள்ளுவர் கதையை முடிக்கவில்லை, இந்த நாவலாசிரியர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிரிந்துபோன தம்பதி மறுபடி ஒருவரையொருவர் கண்டடையும் நாவலே இந்த ஆண்டு எல்லோருக்கும் ஒருமனதாகப் பிடித்த ஒரே நூல்.

குறைகளையும் பதிவு செய்கிறேன். அத்தியாயம் மாற்றி அத்தியாயம் அவனும் அவளும் 'நான்' என்று தன்மையில் கதை சொல்வது இப்போதைய வழக்கம். அத்தியாயத் தலைப்பில் உள்ள பெயரை மறைத்தால் பேசுவது யாரென்று தெரியாத நாவல்கள் மூன்று. நாயகன் எவ்வளவு கொடூரமாக நடந்தாலும், சிறுவயதுக் காயம் ஒன்றைக் காட்டி மன்னிக்கச் சொல்லும் நாவல் பற்றிய கூட்டம் சண்டையில் முடிந்தது. அன்று நான் குறிப்பெடுக்கவில்லை.

ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வில், காதல் நாவல் படிக்கும் பெண்கள் கதையைப் போலவே படிக்கும் நேரத்தையும் தமக்கென ஒதுக்கிய பொழுதாக மதித்ததைக் காட்டியிருந்தார். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் அதைப் படிக்காமலே சொன்னார்: "அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டாங்க." அன்று வேறு யாரும் அதற்கு மேல் பேசவில்லை.

வட்டத்தின் பிரதிகளில் இரண்டு இன்னும் திரும்பவில்லை. வேறொன்றில் கடைசிப் பக்கங்கள் கிழிந்துவிட்டன. முடிவுதான் தெரியுமே, புதுப்பிரதி எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். செயற்குழு ஏற்கவில்லை. வாங்கியாகிவிட்டது.

இவண்,
செயலாளர்