போகணும்னா எந்தப் போகணும்? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கமுங்க,

இந்த மாசம் ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் பசங்க எழுதிக் குடுத்த இங்கிலீஷ் லீவ் லெட்டரையெல்லாம் ஒண்ணா வச்சுப் படிச்சேனுங்க. நெறைய லெட்டர்ல ஒரே மாதிரி வரி. ‘ஐ வான்ட் டு கோ டு ஹாஸ்பிடல்’. ஸ்பெல்லிங் சரி, கிராமர் சரி, டீச்சரும் டிக் போட்டுட்டாங்க. ஆனா இதை வெளியூர்க்காரங்க படிச்சா, ஆஸ்பத்திரி போக இந்தப் பையனுக்கு ஆசைன்னுதான் எடுத்துக்குவாங்க. அவன் சொல்ல வந்தது போயே ஆகணும்ங்கறது, அதுக்கு ‘ஐ ஹேவ் டு கோ’ன்னு வரணும்.

இது பசங்க தப்பு இல்லீங்க. நம்ம பேச்சுல ‘போகணும்’ங்கற ஒரே வார்த்தை ரெண்டு வேலையும் பாக்குது. நோம்பிக்கு அமுச்சி ஊருக்குப் போகணும்னு சொல்றதும் போகணும்தான், ரேஷன் கடைக்குப் போகணும்னு சொல்றதும் போகணும்தான், எது ஆசை எது கட்டாயம்னு மூஞ்சியப் பாத்தே நமக்குத் தெரிஞ்சிரும். இங்கிலீஷ்ல ஆசைக்கு வான்ட் டு, கட்டாயத்துக்கு ஹேவ் டுன்னு தனித்தனியா வச்சிருக்காங்க. நாளைக்கு நம்ம புள்ள திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலைக்குச் சேந்து, வீட்ல ஆத்தாளுக்கு முடியலைன்னு கெளம்பறப்ப ‘ஐ வான்ட் டு கோ ஹோம்’னு சொன்னா, வேலையில மனசு இல்லாம வீட்டுக்கு ஓடப் பாக்கறான்னுதான் மேனேஜர் நெனைப்பாரு. ‘ஐ ஹேவ் டு கோ ஹோம்’னா என்னாச்சுன்னு கேப்பாரு. அதனாலதான் இதுக்குன்னு தனியா லெட்டர் எழுதறேனுங்க.

இதுக்கு நீங்க இங்கிலீஷ் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்லீங்க. வீட்ல தமிழ்லயே பேசுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், மஞ்ச வேக வைக்கணும், அப்பாரு சாப்ட்டுட்டு மாத்திரை போடணும், கண்ணாலத்துக்குப் புதுத்துணி எடுக்கணும்னு நாள் பூரா ‘ணும்’ ‘ணும்’னு தான பேசறோம், அதுல ஒண்ணப் புடிச்சு ‘கண்ணு, இது ஆசையா கட்டாயமா’ன்னு மட்டும் கேளுங்க. பதில் சொல்லிட்டா எந்த இங்கிலீஷ் போடணும்னு அவனுக்கே தெரிஞ்சிரும். அப்பாரு மாத்திரைக்கு மட்டும் ‘ஹேஸ் டு’ன்னு மாறும், ஏன்னா அது இன்னொருத்தரப் பத்தின பேச்சு.

நடந்து முடிஞ்சதுன்னா ‘ஹேட் டு’. இதுக்கு நம்மகிட்டயே அச்சு அசலா ஒண்ணு இருக்குது, ‘வேண்டியதாப் போச்சு’. நேத்து த்ரீ ஃபேஸ் கரண்ட் வரல, ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சுன்னு தோட்டத்துல பேசறோம் பாருங்க, அதுதான் ‘வீ ஹேட் டு வெயிட்’. ‘மஸ்ட்’ங்கற வார்த்தைக்கும் கட்டாயம்னுதான் அர்த்தம், ஆனா நேத்து நடந்ததச் சொல்ல அதுக்குத் தனி வடிவம் இல்ல, அங்கயும் ஹேட் டுதான் வரும். அப்பறம் வாய்ல சொல்றப்ப அந்த ‘வ்’ சத்தம் கேக்காது, ‘ஹேஃப்டு’ன்னு சேந்துதான் வரும், டிவியில இங்கிலீஷ் கிரிக்கெட் கமென்ட்ரி ஓடுச்சுன்னா பசங்கள காது குடுத்துக் கேக்கச் சொல்லுங்க.

எனக்கு ரொம்பக் கவலையா இருக்கறது ‘இல்ல’ன்னு சொல்ற எடம்தானுங்க. ‘நாளைக்கு நீங்க வர வேண்டாம்’னு நாம சொன்னா, வராட்டிப் பரவால்லைங்கறதும் ஆகும், வராதீங்கங்கறதும் ஆகும். இங்கிலீஷ்ல ‘டோன்ட் ஹேவ் டு’ன்னா அவசியமில்ல, உங்க இஷ்டம், அவ்ளோதான். கூடாதுன்னு சொல்ல ‘மஸ்ட் நாட்’னு வரணும். பசங்க ரெண்டையும் ஒண்ணாக்கிடறாங்க. ஓடற தறியில கை வைக்கக் கூடாதுங்கறதுக்கு ‘யூ டோன்ட் ஹேவ் டு டச்’னு எழுதிட்டா, தொடாட்டியும் பரவால்ல, தொட்டாலும் தொட்டுக்கோன்னு ஆயிப்போகும். மருந்து டப்பா, மெஷின், மீட்டர் பொட்டின்னு இங்கிலீஷ்ல எச்சரிக்கை ஒட்டியிருக்கற எதைப் பாத்தாலும் புள்ளைங்கள நிறுத்திப் படிக்கச் சொல்லுங்க, இது இஷ்டமா கூடாதான்னு கேளுங்க. இந்த ஒண்ண மட்டும் தயவு செஞ்சு விட்றாதீங்க.

கேள்வியாக் கேக்கறப்ப ‘டூ ஐ ஹேவ் டு’ன்னு வரும். வெடியால எழுப்பறப்ப ‘போயே ஆகணுமா’ன்னு இழுப்பாங்களே, அதேதான். இழுக்கறத இங்கிலீஷ்ல இழுக்கச் சொல்லுங்க, பழக்கம் வந்துரும்.

அடுத்த வாரத்துல இருந்து இங்கிலீஷ் நோட்டோட கடைசிப் பக்கத்துல தினம் ஒரு வரி, வீட்ல நடந்ததையே எழுதிட்டு வரச் சொல்லியிருக்கோம். தப்பா இருந்தாலும் நீங்க திட்டாதீங்க, ஒறம்பரைக முன்னாடி வச்சு ‘எங்கே இங்கிலீஷ் பேசு பாக்கலாம்’னு சொல்லவும் வேண்டாமுங்க, அதுல வாய மூடிக்கற புள்ளைங்கள நான் நெறையப் பாத்திருக்கேன். திருத்தறது எங்க வேலை. சந்தேகம்னா பொழுதோட ஸ்கூல் விட்டதுக்கப்பறம் வாங்க, அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்