ஒட்டகத்துக்கு ஒரு பாவ அறிக்கை

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள ஒட்டகம்,

ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்துக் கடைசியில் திட்டிக்கொள், இன்னும் நிறைய சேரும். இங்கே எல்லோரும் சுகம். என் சர்க்கரை மட்டும் ஏறி இறங்கி விளையாடுகிறது. சின்னவள் மாதம் ஒரு தடவை பெங்களூரிலிருந்து வந்து மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறாள். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உன் கோயம்புத்தூர் காற்றைப் பற்றி எழுதி வயிற்றெரிச்சலைக் கிளப்பாதே.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை எடுத்தேன். நீ "சொல்லுடா" என்றதும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் காகிதம்.

விஷயம் நம் ஹாஸ்டல் கூட்டாளி தபேலாவைப் பற்றியது. மடித்து வைக்காதே, முழுசாகப் படி.

மார்ச் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. சர்வீஸ் ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டதால் நான் போய்ச் சேரும்போது இரண்டாம் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கோயிலின் வடக்குப் பக்கம் ஓடு மாற்றும் வேலை. என் தூண் ஓரத்து பெஞ்சு இருந்த இடத்தில் சாரம் கட்டியிருக்கிறது. பதினொரு வருஷமாக நான் வடக்கு வாசல், தபேலா தெற்கு வாசல். நடுவில் இருக்கும் நடைபாதை நம் கோட்டை அகழி மாதிரி. யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் சபை முழுக்கத் தெரியும். அன்று எல்லோரையும் தெற்கே தள்ளியிருந்தார்கள். வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் கையைக் காட்டினான். ஒரு பாட்டியும் பேத்தியும் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்ட பிறகுதான் வலது பக்கம் யார் என்று பார்த்தேன்.

அவனுக்கு அந்தப் பக்கம் சுவர்.

பிரசங்கம் நம் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடரைப் பற்றி. ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள், பிரசவ வலியில் கிடக்கும் மனைவியைப் பார்க்கப் பெண் வைத்தியர்தான் வேண்டும் என்றார்கள், விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். நமக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்த கதைதானே. ஆயர் அதை வேலூரில் நடந்த மாதிரி சொல்லிக்கொண்டு போனார். அது திண்டிவனம். வேறொரு நாளாக இருந்தால் வெளியே வந்ததும் பிடித்துச் சொல்லியிருப்பேன். அன்று என் மூளை முழுக்க வேறு கணக்கு. சமாதானம் கொடுக்கும் நேரம் வருவதற்குள் பாத்ரூம் போகிற மாதிரி எழுந்துவிடலாமா? பாட்டியைத் தாண்ட வேண்டும், பாட்டியின் கைத்தடியையும் தாண்ட வேண்டும்.

சரித்திர வாத்தியார் ஆரம்பித்துவிட்டான் என்று சிரிக்காதே, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சுதந்திரம் வந்த அதே வருஷம், 1947 செப்டம்பர் 27-ல், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், நம் ஆற்காடு மிஷன் சபைகள் இருந்த ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. 1950-ல் அவர்கள் கொண்டுவந்த திருவிருந்து முறைமையில்தான் இந்தச் சமாதானம் கைக்குக் கை வந்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம். என் வலது உள்ளங்கை உன் வலது உள்ளங்கையோடு சேர வேண்டும், இடது கையால் ஒருவர் கையை ஒருவர் மூட வேண்டும். பல ஊர்களில் இப்போது கும்பிடு போட்டு முடித்துவிடுகிறார்கள். நம் கோயிலில் இன்னும் பீடத்திலிருந்து பெஞ்சு பெஞ்சாகக் கையால்தான் வருகிறது. முப்பது வருஷம் ஞாயிறுபள்ளியில் இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியவன் நான்.

பேத்திக்கு ஏழு வயது இருக்கும். ஆரஞ்சு மிட்டாய் பிசுபிசுத்த கையால் எனக்குக் கொடுத்தாள். அடுத்தது நான் கொடுக்க வேண்டும். வரிசை அவனோடு முடிகிறது. நான் கொடுக்காவிட்டால் அவனுக்குக் கிடைக்காது.

திரும்பினேன். அவன் ஏற்கெனவே கையை நீட்டி வைத்திருந்தான். அந்தக் கை நடுங்கியது. கோபமோ பயமோ இல்லை, வியாதி. இரண்டு வருஷமாக சி.எம்.சி.யில் பார்க்கிறானாம். ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. அவன் பேச்சை எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்பதால் யாரும் சொல்லவில்லை. ஹாஸ்டல் மேஜையைத் தட்டித் தட்டி வார்டனிடம் அபராதம் கட்டிய விரல்களடா அவை. என் இரண்டு கைக்குள் இருந்தவரை நடுக்கம் நின்றிருந்தது. விட்டேன், திரும்ப ஆரம்பித்தது.

"சமாதானம்" என்றேன். அவனும் சொன்னான். அவ்வளவுதான்.

பிறகு அப்பமும் ரசமும் வாங்க எங்கள் பெஞ்சின் முறை வந்தது. பாட்டி எழுந்தாள், பேத்தி எழுந்தாள். என்னால் எழ முடியவில்லை. முன் பெஞ்சு கண்ணாடியம்மா திரும்பி, "சார், சர்க்கரை இறங்கிடுச்சா?" என்று கைப்பையில் குளுக்கோஸ் தேட ஆரம்பித்துவிட்டார். அவன் போக வழிவிட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டேன். அவனும் எழவில்லை. எல்லோரும் பீடத்தின் முன் முழங்காலில் நிற்க, காலி பெஞ்சில் இரண்டு கிழவர்கள். கொஞ்ச நேரம் கழித்து, முன்னால் பார்த்தபடியே கேட்டான்:

"ஒட்டகம் எப்படி இருக்கான்?"

பதினொரு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு உன்னைப் பற்றித்தான். "முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டான்" என்றேன். "ஒட்டகத்துக்கு முட்டி போனா கஷ்டம்தான்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்து, அது வேறு எதுவாகவோ மாறி, கர்ச்சீப்பை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

சரி. இனிமேல்தான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி.

அறுப்பின் பண்டிகைக் கணக்கில் தபேலா என்னைத் திருடன் என்று சபை நடுவில் சொன்னான் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? நாலு பக்கம். நீயும் கொதித்துப்போய் அவனுக்குப் போன் போடுவதை நிறுத்தினாய். அவன் அப்படிச் சொல்லவே இல்லை.

நடந்தது இது. ஷாமியானாவுக்கும் சேருக்கும் 6,500 ரூபாய் கொடுத்தேன். கொடுத்தது சத்தியம், சபைப் பணத்தில் ஒரு பைசா என் கையில் ஒட்டவில்லை. ஆனால் பில்லைத் தொலைத்துவிட்டேன். காணிக்கைப் பொருள் ஏல மும்முரத்தில், பூசணிக்காய் 900-க்குப் போகிறதா 1,000-க்குப் போகிறதா என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில், எங்கேயோ விழுந்துவிட்டது. கடைக்காரனிடம் போய் இன்னொன்று கேட்டிருக்கலாம். பொதுக்கூட்டத்தில் எழுந்து தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பொருளாளர், வாத்தியார், கணக்கில் சுத்தம் என்று பெயர் எடுத்தவன், எப்படிச் சொல்வது? லாங் பஜாரில் ஒரு பில் புக் வாங்கினேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, வேறு பேனாவில், எழுத்தைச் சாய்த்துச் சாய்த்து நானே எழுதினேன். 'கீழ்க்கண்டபடி' என்று ஒரு வார்த்தை போட்டேன் பார், அங்கே மாட்டினேன். என் ழகரத்தின் வால் உனக்குத் தெரியுமே. பன்றிக்குட்டி வால் என்று எனக்குப் பெயர் வைத்ததே அவன்தான்.

கூட்டத்தில் வவுச்சர் ஃபைல் கைமாறி அவனிடம் போனது. பார்த்தான். எழுந்து, "இந்த பில் யார் எழுதினது?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். "என்னைத் திருடன்னு சொல்றியா?" என்று கத்தியது நான். லெட்ஜரைத் தூக்கி மேஜையில் அடித்ததும் நான். அதற்குப் பிறகு ஊரில் எல்லோரிடமும், உன்னிடமும், என் வீட்டுக்காரியிடமும் அவன் திருடன் என்று சொன்னதாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே அது காதில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. 2019-ல் நம் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தபோது நீ எழுதினாய், "நாம மூணு பேரும் முந்திக்கிட்டோம்டா" என்று. அதைப் படித்துச் சிரித்தேன், வெட்கம் கெட்டவன்.

இந்தப் பதினொரு வருஷமும் நான் பக்தியில் குறை வைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. தினம் காலை ஐந்து மணிக்கு வேதம். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை எட்டு தடவை, சிவப்புப் பென்சிலோடு. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்று வருகிறதே, அங்கே எட்டு தடவையும் கோடு போட்டிருக்கிறேன். போடும்போதெல்லாம் தபேலாவைத்தான் நினைத்தேன், இவன் வந்து நம்மிடம் கேட்க மாட்டேன் என்கிறானே என்று! அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எடுத்துப் பார்த்தேன். 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' என்று இருக்கிறது. உன்பேரில். குறை அவனுக்கு, என்மேல். போக வேண்டியது நான். நாற்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவனுக்குக் கேள்வி யாரைப் பார்த்துக் கேட்டிருக்கிறது என்பது கண்ணில் படவில்லை.

ஜெபமும் அப்படித்தான். பிள்ளைகள், பேரன்கள், நீ, உன் முட்டி, ஆயர், முதலமைச்சர் என்று எல்லோரும் வரிசையாக வருவார்கள். அவன் பெயர் வரும் இடத்தில் ஒரு தாவு. பாட்டில் தெரியாத வரி வந்தால் வாயை மட்டும் அசைப்போமே, அந்த மாதிரி. நாளாக ஆக முழு ஜெபமுமே வாயசைப்பாகிவிட்டது. வயசாகிவிட்டது, வறட்சி, எல்லோருக்கும் வருவதுதான் என்று நினைத்தேன். கடவுளோடு தனியாக ஒரு கணக்கு, மனுஷரோடு தனியாக ஒரு கணக்கு என்று இரண்டு லெட்ஜர் வைத்திருந்தேனடா. அது ஒரே லெட்ஜர்.

செவ்வாய்க்கிழமை கொசப்பேட்டையில் அவன் வீட்டுக்குப் போனேன். ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா, இரண்டு சர்க்கரைக்காரர்களுக்கு நடுவில்! பில்லைப் பற்றி ஆரம்பித்ததுமே, "பன்றிக்குட்டி வாலு, அப்பவே தெரியும்டா" என்றான். பிறகு ஏன் கேட்டாய் என்றேன். "நீ சிரிச்சிடுவேன்னு நினைச்சேன். தொலைச்சிட்டேன்டான்னு சொல்லுவே, எல்லாரும் சிரிச்சிட்டு டீ குடிக்கப் போவோம்னு நினைச்சேன்." அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே என் மானம் போயிருக்கும்.

அவன் லேசாக விட்டுவிட்டான். அவன் மனைவி விடவில்லை. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார்: "அவர் மறந்துட்டார் அண்ணா. நான் மறக்கலை. அத்தை அடக்கத்துக்கு நீங்க வரலை."

அவன் அம்மாவை நினைத்துப் பார். சனிக்கிழமையானால் ஹாஸ்டலிலிருந்து நாம் மூன்று பேரும் போய், முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பில் சட்டியை வழித்து வைத்துவிட்டு வருவோமே. "ஒட்டகத்துக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடு, அது தூரம் போற மிருகம்" என்பார்களே. அந்த அம்மாவைப் புதைத்த அன்று நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் படித்தேன். நீயும் வரவில்லை. அது என்னால். இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை தெரியவில்லை, அவரிடமும் தெரியவில்லை, உன்னிடமும் தெரியவில்லை. டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அடுத்த செவ்வாயும் போனேன். இப்போது வாராவாரம் போகிறேன். சங்கீதம் ஒன்று வாசிப்போம், அதற்குள் ஏதாவது பழைய கதை குறுக்கே வந்துவிடும். மருத்துவர் விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம். பழைய தபேலாவை இறக்கித் தூசி தட்டினோம். வார் தளர்ந்து கிடக்கிறது, தட்டினால் பானை மாதிரிச் சத்தம். அவன் மனைவி, நம் தங்கச்சி, இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. போன வாரம் மட்டும் டீயோடு ஒரு முறுக்கு வந்தது.

நேற்று அவன் திருப்பத்தூர் ஆசிரமப் பேச்சை எடுத்தான். காலேஜிலிருந்து முகாம் போனோமே, கிறிஸ்துகுல ஆசிரமம். 1921-ல் நம் ஊர் டாக்டர் ஒருவரும் ஸ்காட்லாந்து டாக்டர் ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்தது. அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கோபுரம் வைத்த அந்தக் கோயிலின் கல் தரையில் ராத்திரி படுத்துக்கொண்டு, நாமும் இப்படி ஒரு இடம் கட்ட வேண்டும் என்று திட்டம் போட்டோம். நீ சமையல் இலாகா. மறுபடி ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்கிறான். மே மாதம் வா. கோவை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குக் காட்பாடி. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். என்னைத் திட்ட வேண்டியதை அங்கேயே பிளாட்பாரத்தில் திட்டி முடித்துவிடு.

உன் நம்பரை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். விரல் நிற்காததால் பாதியில் தப்பாக அழுத்திக் கட் பண்ணிவிடுவான். மிஸ்டு கால் வந்தால் நீயே கூப்பிடு.

அன்புடன்,
பன்றிக்குட்டி வால்