அரைவலும் டிபார்ச்சரும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். எனக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் நாலு பேர் இங்கிலீஷ் படிக்க வருகிறார்கள். பொழுது நன்றாகப் போகிறது.

அதில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ரயில்வே ஸ்டேஷன் பலகையில் அரைவல், டிபார்ச்சர் என்று பார்த்திருக்கிறாள். "வருவதற்கு அரைவல் என்றால் போவதற்கு டிபார்ட்டல்தானே சார்?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு இது தோன்றியதே இல்லை, சுந்தரம்!

அரைவ், டிபார்ட் இரண்டுமே பிரெஞ்சு வழியாக வந்த வினைகள். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அப்படி வந்த சொற்கள் ஏராளம். பல சொற்கள் வரும்போதே விகுதியோடு பெயர்ச்சொல்லாகவே வந்துவிட்டன. அதனால்தான் எந்த வினைக்கு எந்த விகுதி என்பதற்கு ஒரே விதி கிடையாது. 'குரோ' என்ற பழைய ஆங்கில வினை 'குரோத்' ஆகிறது. 'செட்டில்' அதே மண்ணின் சொல்தான், ஆனால் பிரெஞ்சு 'மென்ட்' சேர்ந்து செட்டில்மென்ட் ஆனது. அரைவலில் உள்ள 'அல்' நம் பாடல், ஆடல் மாதிரியே காதில் விழுகிறது, கவனித்தாயா? உறவு ஏதும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் பிள்ளைகளுக்குச் சொன்னபோது முகம் மலர்ந்தது.

விகுதி சேரும்போது வினையும் உருமாறிவிடுகிறது. மெயின்டெய்ன் என்பதில் கடைசியில் விழும் அழுத்தம் மெயின்டனன்ஸ் ஆகும்போது முதலுக்கு ஓடிவிடுகிறது, எழுத்தும் மாறுகிறது. பிள்ளைகள் பிழை விடும் இடம் இதுதான். உச்சரிப்பைச் சொல்லித்தராமல் எழுத்துப் பிழைக்கு மார்க்கைக் குறைப்பது நியாயமே இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரே வினை பல விகுதிகளை ஏற்றால் இன்னும் அழகு. நம் 'நட' நடை, நடப்பு, நடத்தல் என்று பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளவில்லையா? அங்கே 'கமிட்' அப்படி. கொடுத்த வாக்கு கமிட்மென்ட். மாஜிஸ்திரேட் வழக்கைச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புவது கமிட்டல். கமிட்டி என்பது முதலில் ஒரு பொறுப்பை ஒப்படைத்த ஆளைத்தான் குறித்தது, அப்புறம்தான் குழு ஆனது.

கமிட்டல் என்று எழுதும்போது உன் ஞாபகம் வந்தது. கோர்ட்டில் இருந்த காலத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பாய்! அங்கேயும் பார், விடுவித்தால் அக்விட்டல், குற்றவாளி என்று தீர்த்தால் கன்விக்‌ஷன். ஸ்டேஷன் பலகை மாதிரியே ஜோடி ஒன்று, விகுதி வேறு. அப்ரூவல் என்றால் ஒப்புதல், அதே வினையில் 'அர்' சேர்ந்த அப்ரூவரோ குற்றத்தை ஒப்புக்கொண்டு கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்பவன்.

அந்தப் பெண் நோட்டில் இடப்பக்கம் வினை, வலப்பக்கம் பெயர் என்று எழுதிக்கொண்டு வருகிறாள். நாற்பது ஜோடி தாண்டிவிட்டது. உனக்குத் தெரிந்த கோர்ட்டுச் சொற்களை அடுத்த கடிதத்தில் எழுது, அவளுக்குக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ராமு